மறுநிறை

என் அண்ணன் சென்றாயன் நல்லவன். கெட்டவன் ஏமாற்றினால் அவனைத் திட்டித் தீர்த்துவிடலாம். நல்லவன் ஏமாந்து வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நின்றால் யாரைத் திட்டுவது?

அன்றைக்கு அவன் அப்படித்தான் நின்றான். பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து மலையேறி வந்தவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்து, நான் சுரத்தில் சுருண்டு கிடந்த பாயில் காசைக் கொட்டினான்.

"எண்ணிக்கோ கண்ணாயி. முப்பத்தாறு. ஒண்ணு கொறையல. மூணு வாட்டி எண்ணித்தான் வாங்குனேன்."

எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளினேன். எண்ணத் தேவையே இருக்கவில்லை. அள்ளியதுமே கைக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணா, நான் குடுத்தது முப்பத்தாறு வெள்ளி. இதென்னது?"

"முப்பத்தாறு ரூபா. வெள்ளி குடுத்தோம், ரூபா வாங்குனோம். ஒண்ணுக்கு ஒண்ணு."

பாயில் கிடந்த காசை எடுத்துச் சுவரில் வீசியடித்தேன். அண்ணி பொன்னாயி அடுப்படியிலிருந்து ஓடி வந்து, மூலை மூலையாகத் தேடிப் பொறுக்கினாள்.

வெள்ளி என்றால் மலாய் நாட்டுக் காசு. பினாங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நாலு வருசம் பால்மரம் வெட்டிச் சேர்த்தது. விடிவதற்கு முன்னால் எழுந்து, அட்டைக் கடியோடு மரம் மரமாகப் போய், கப்பல் கூலி போக மிச்சம் பிடித்தது முப்பத்தாறு. வெள்ளியின் ஒரு பக்கம் மொட்டைத்தலை ராஜா, மறுபக்கம் சீனாக்காரன் எழுத்து. அத்தனையையும் துணிப்பட்டையில் வரிசையாக வைத்துத் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். கப்பலில் ஏழு நாள், நாகப்பட்டினத்திலிருந்து கரூர் வரைக்கும் ரயில், மோகனூரில் பரிசல், அப்புறம் மலைக்கு நடை. தூக்கத்தில் புரண்டாலும் அது இடுப்பில் அழுத்தும். அந்தக் கனம் என் உடம்புக்கு அத்துப்படி.

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி நல்ல மனுசன். கணக்கு முடித்துக் கையில் கொடுத்த அன்றே சொன்னார். "இந்தா பாரம்மா, ஒரு வெள்ளிக்கு ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா. ஒன்றே முக்கால். அதற்குக் குறைந்து எவன் கேட்டாலும் கொடுக்காதே." நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியதும் காசு மாற்றுகிறவர்கள் ஈ மொய்த்தமாதிரி சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் ஒன்றேகால் என்றான். ஒருவன் இரக்கப்படுகிற மூஞ்சியோடு ஒன்றரை என்றான். அவர்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, ஒரு வெள்ளியைக்கூட மாற்றாமல் ஊர் வந்து சேர்ந்தேன். பசித்தாலும் மாற்றவில்லை. அந்த ஒன்றரையை வாங்கியிருந்தால்கூட இப்போது அம்பத்துநாலு ரூபாய் கையில் இருந்திருக்கும். நான் போட்ட வீராப்புக்கு என் அண்ணன் கொண்டுவந்து கொட்டியது முப்பத்தாறு.

"ஒண்ணேமுக்கால் கேளுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனனே, கேட்டியா?"

"கேட்டேன். மொதலாளி ரெண்டு காசையும் என்ற கையில வெச்சுக் காட்டுனாரு. ரெண்டுலயும் அதே மொட்டை ராசா. 'ராசா தலைக்கு ராசா தலை, இதுல எங்கய்யா முக்கா வருது'ன்னாரு. எனக்கே வெக்கமாப் போச்சு."

"எதுக்கு வெக்கம்?"

"ஏன் கண்ணு, உப்புக்குச் சாமை மாத்தறோம். அளவுக்கு அளவுதான மாத்தறோம்? ஒரு வள்ளம் சாமையைக் குடுத்துட்டு ஒண்ணேமுக்கா வள்ளம் உப்புக் கேட்டா அது திருட்டில்லையா?"

அவன் சொன்னது எங்கள் மலை நியாயம். எங்கள் ஊர்களெல்லாம் சேர்ந்த பெரக்கரை நாட்டில் பிறந்த எவனும் அப்படித்தான் சொல்வான். வள்ளத்துக்கு வள்ளம், தலை தட்டி அளந்து மாற்றிக்கொள்வோம். கூடக் கேட்கிறவனை முகம் கொடுத்துப் பார்க்கமாட்டோம். அந்த நியாயத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதையே தூண்டிலாகப் போட்டிருக்கிறான் மளிகைக்கடை அர்த்தனாரி. என் அண்ணன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டு, போகிற போக்கில் அவனையே வெட்கப்படவும் வைத்திருக்கிறான். அதை நினைக்க நினைக்க எனக்குச் சுரம் ஏறியதா கோபம் ஏறியதா என்று தெரியவில்லை.

எனக்கு வேண்டியது அறுபது ரூபாய். காளியண்ணன் என்னைக் கட்டியபோது என் அப்பனுக்குக் கொடுத்த பரிசம் அது. எங்கள் நாட்டில் பெண்ணுக்குப் புருசன் வேண்டாமென்றால் பரிசத்தை நாட்டார் பஞ்சாயத்து முன்னால் திருப்பி வைக்க வேண்டும். வைத்தால் அவன் துரும்பு முறித்துப் போடுவான், அவள் தன் பாட்டுக்குப் போகலாம். வைக்காவிட்டால் அவன் வீட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். கூழ் அடிபிடித்ததற்காக ஒருநாள் உலக்கையால் அடித்தவன் அவன். தலையை மறைத்த என் இடது கையில் விழுந்தது. சுண்டுவிரல் உடைந்து கோணலாகக் கூடியது, இன்றைக்கும் மடங்காது. அந்த வாரமே மலை இறங்கி, ஆள் கட்டும் கங்காணியிடம் பேர் கொடுத்துக் கப்பல் ஏறினேன். நான் திரும்பி வந்த சேதி தெரிந்ததும் அவன் நாட்டுக் கவுண்டரிடம் போய் நின்றுவிட்டான். அடுத்த சந்தைக்கு மறுநாள் நாடு கூடுகிறது, அன்றைக்குப் பரிசம் வர வேண்டும், இல்லை பெண்டாட்டி வர வேண்டும் என்று தீர்ப்பு.

முப்பத்தாறு வெள்ளிக்கு அறுபத்துமூன்று ரூபாய். பரிசம் போக மூன்று ரூபாய் மிச்சம் என்று தோட்டத்திலேயே கணக்குப் போட்டுத்தான் கிளம்பினேன். முப்பத்தாறு ரூபாயை வைத்துக்கொண்டு அவன் வீட்டுத் திசையைக்கூடப் பார்க்க முடியாது.

"நடக்கோணும்னு இருந்தா நடக்கும், நீ படு," என்றாள் பொன்னாயி.

"நடக்காது அண்ணி. நான்தான் நடந்து போகோணும்."

சந்தை நாளுக்குள் சுரம் விட்டிருந்தது, கோபம் விடவில்லை. முப்பத்தாறு ரூபாயையும் அதே துணிப்பட்டையில் வைத்துத் தைத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். இருட்டோடு இறங்கினோம். எங்களுக்கு முன்னும் பின்னும் கடுக்காயும் மிளகும் தேன்மெழுகும் சுமந்துகொண்டு நாட்டு ஆட்கள் இறங்கினார்கள். பாதி மலை தாண்டியதும் எனக்கு ஒன்று உறைத்தது. பட்டை லேசாக ஆடியது. அழுத்தவே இல்லை. ஏறி வந்தபோது இடுப்பெலும்பைத் தேய்த்த அதே எண்ணிக்கை, இறங்கும்போது இருப்பதே தெரியவில்லை. எண்ணிக்கை ஒன்றுதான், நிறை ஒன்றில்லை. நானும் அண்ணனும் ஒரு வாரமாகத் தலையை எண்ணித்தான் சண்டை போட்டிருக்கிறோம்.

அப்படியே பாதையில் நின்றுவிட்டேன். "என்ன கண்ணு, முடியலயா?" என்றான் அண்ணன். "இப்பத்தான் முடியும்னு தெரிஞ்சுது, நட," என்றேன்.

அர்த்தனாரியின் கடை சந்தைக்குள் நுழைந்ததும் முதல் கடை. மலைச்சரக்கில் பாதி அங்கேதான் இறங்கும். வாசலில் தராசு தொங்கும். அவன் எங்களைக் கண்டதும் சிரித்தான்.

"என்ன சென்றாயா, தங்கச்சியா? சீமைக்குப் போய் வந்த புள்ளையா?"

நான் பட்டையைப் பிரித்து ரூபாயைக் கடைப் பலகையில் கொட்டினேன். "ஏனுங்க மொதலாளி, உங்க காசு. என்ற வெள்ளியைக் குடுங்க."

"மாத்துனது மாத்துனதுதான். ராசா தலைக்கு ராசா தலை. இதுல என்ன கொறையக் கண்டே?" பெட்டியைத் திறந்து ஒரு வெள்ளியை எடுத்து, ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். சுமையோடு நின்ற எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துக் காட்டினான். "நீங்களே பாருங்கய்யா. இங்கயும் மொட்டை, அங்கயும் மொட்டை. செத்து மூணு வருசமான ராசாவை வெச்சு இந்தப் புள்ள என்னை ஏமாத்தப் பாக்குது."

எங்கள் ஆட்களே சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குக் கொள்ளிக்கட்டையால் சுட்டமாதிரி இருந்தது. அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் நான் கத்தினேன்.

"மறுநிறை கேக்கறேனுங்க!"

சிரிப்பு நின்றது. அந்தச் சந்தையில் அது சும்மா சொல்லுகிற வார்த்தை இல்லை. நிறுத்ததில் சந்தேகம் வந்தால் மலைக்காரன் ஒரு தரம் மறுநிறை கேட்கலாம். கடைக்காரன் எல்லார் கண்முன்னாலும் திரும்ப நிறுத்துக் காட்ட வேண்டும். மாட்டேன் என்று சொன்ன கடையில் அடுத்த சந்தைக்கு ஒரு சுமை இறங்காது.

"பைத்தியமா புள்ள உனக்கு? காசை எண்ணுவாங்க. நிறுப்பாங்களா?"

"பெருங்காயம் நிறுக்கறப்ப தட்டுல எதைப் போடறீங்க?"

பின்னாலிருந்து யாரோ சொன்னார், "ரூபாயைத்தான் போடறாரு. ரூபா எடைக்கு இத்தனைன்னுதான குடுக்கறாரு."

"அப்ப ரூபா உங்க எடைக்கல்லுதானுங்க. நாங்க உப்புக்குச் சாமை தலையெண்ணியா மாத்தறோம்? அளவுக்கு அளவு மாத்தறோம். என்ற அண்ணனுக்கு எங்க நாயத்தை எடுத்துச் சொன்னீங்களாமே, அந்த நாயத்துக்கே வாரேன். என்ற வெள்ளி முப்பத்தாறையும் ஒரு தட்டுல வைங்க. உங்க ரூபா முப்பத்தாறையும் மறுதட்டுல வைங்க. சமமா நின்னா நான் உங்க கால்ல உழுந்து கும்பிட்டுட்டுப் போறேன்."

"ராசா தலையைத் தராசுல வெக்கறதா? போலீசுத் தாணாக்காரன் பாத்தான்னா..."

"தினம் பெருங்காயத்துக்கு வெக்கற அதே தலைதானுங்க!"

அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தான். அங்கே மிளகு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் பாதியில் நிறுத்தி, திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டார். இன்னொருவர் கடுக்காய்க் கூடையைக் கையிலேயே வைத்துக்கொண்டார். அர்த்தனாரி பெட்டிக்குள் கைவிட்டு என் வெள்ளியை எடுத்தான்.

வெள்ளி ஏறிய தட்டு தொப்பென்று இறங்கியது. மறுதட்டில் முப்பத்தாறு ரூபாயும் விழுந்தது. வெள்ளித் தட்டு அசையவே இல்லை. ரூபாய்த் தட்டு அந்தரத்தில் நின்று ஆடியது. என் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

"போடுங்க," என்றேன்.

நாற்பது போட்டான். அசையவில்லை. அம்பது. வெள்ளித் தட்டு லேசாக எழும்பியது. "போதும்ல?" என்றான். "போடுங்க." அறுபது. அறுபத்திரண்டில் தராசுக்கோல் ஏறக்குறைய நேராக நின்றது. ஆனாலும் வெள்ளித் தட்டு ஒரு நூல் கீழே.

"போச்சு விடு, ஒரு கை உப்புத் தாரேன்," என்றான்.

"உப்பை உங்க ஊட்டுக் கொழம்புல போடுங்க. அரை ரூபாயைத் தட்டுல போடுங்க."

போட்டான். கோல் நேராக நின்றது. அறுபத்திரண்டரை. கிராணி சொன்ன கணக்குக்கு இன்னும் எட்டணா குறைவு. கேட்டிருக்கலாம். அந்த எட்டணாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான். ஆனால் தராசுக்கு மேல் வாய் பேசக்கூடாது என்று ரூபாயை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மலையேறும்போது பாதி வழியில் அண்ணன் நின்றான். அப்புறம் மெதுவாக, "நான் அளவுக்கு அளவுன்னு நெனைச்சேன் கண்ணு, எண்ணத்தான் செஞ்சேன், அளக்கவே இல்ல," என்றான். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி போனது. மீதிப் பாதி இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நாடு கூடியது. கோயில் மேட்டில் நாட்டுக் கவுண்டர் கருப்பண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தார். காளியண்ணன் எதிரில் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தான். பெண்பிள்ளை கூட்டத்தில் பேசக்கூடாது என்பதால் அண்ணன்தான் எனக்காக நின்றான். அறுபது ரூபாயையும் கவுண்டர் முன்னால் எண்ணி வைத்தான்.

கவுண்டர் காளியண்ணனைப் பார்த்தார். "சரியா இருக்குதா? துரும்பை முறி."

காளியண்ணன் குனிந்து ஒரு காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். சந்தையில் நடந்தது மலை முழுக்கப் பரவியிருந்தது. அவன் காதுக்கும் போயிருந்தது.

"இது சரியில்லீங்க. இதெல்லாம் மொட்டை ராசா. நான் பரிசம் குடுத்தது பூராவும் பழைய ராணித்தலைக் காசு. நேத்து சந்தையில இவ தலைக்குத் தலை சரியில்லன்னு சண்டை புடிச்சு எச்சா வாங்கியிருக்கா. அங்க சரியில்லாதது இங்க மட்டும் எப்பிடிச் சரியாகும்? ராணித்தலைக்கு மாத்து எச்சு. இன்னும் பத்து ரூபா வெக்கட்டும். இல்லாட்டி ஊட்டுக்கு வரட்டும்."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். என் கையில் இருந்தது இரண்டரை ரூபாய். நான் சந்தையில் தொண்டை கிழியக் கத்தியதை எடுத்து இவன் எனக்கே கயிறாகத் திரிக்கிறான். வாயைத் திறந்தால் கூட்டம் கலைந்துவிடும், பரிசம் வரவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தேன். அவன் வெட்கப்படுகிறவன். ஒரு வார்த்தைக்கு மடங்கிப்போகிறவன்.

அவன் கவுண்டர் பக்கம் திரும்பினான்.

"மறுநிறை கேக்கறேனுங்க."

பொன்னாயி கழுத்தில் ராணித்தலை ரூபாய் ஒன்று கயிற்றில் கோத்துக் கிடந்தது, அவள் அம்மா போட்டது. யாரும் கேட்பதற்கு முன்னால் அவள் அதை அவிழ்த்து நீட்டினாள். கோயில் பங்கு மிளகு நிறுக்கும் தராசு கவுண்டர் வீட்டிலிருந்து வந்தது. ஒரு தட்டில் ராணி, மறுதட்டில் மொட்டை ராஜா. கோல் நேராக நின்றது. தட்டை மாற்றி வைத்தும் பார்த்தார்கள். நேராகத்தான் நின்றது.

"முறி," என்றார் கவுண்டர்.

காளியண்ணன் ஒரு துரும்பை எடுத்து முறித்து என் காலடியில் போட்டான். போட்டுவிட்டு, அறுபது ரூபாயையும் தன் பக்கம் வழித்தான்.

அப்போதுதான் எனக்குக் கோபமே வந்தது. அதுவரைக்கும் வந்ததெல்லாம் ஒத்திகை. நான் எழுந்து முன்னால் போனேன். யாரோ "ஏ, உக்காரு" என்றார்கள். உட்காரவில்லை.

"கவுண்டரே, பரிசம் போய்ச் சேந்துருச்சுங்களா?"

"சேந்துருச்சு சாமி."

"துரும்பு முறிஞ்சுருச்சுங்களா?"

"முறிஞ்சுருச்சு."

"அப்ப நான் இவனுக்குப் பொண்டாட்டி இல்லீங்க. வேத்து ஆளு. வேத்து ஆளுகிட்ட இருந்து ஒண்ணு எடுத்தா மாத்துக் குடுக்கோணும்ங்களா, இல்லீங்களா?"

கவுண்டர் புரியாமல் பார்த்தார். நான் என் இடது கையைத் தராசுத் தட்டில் வைத்தேன். நாலு விரலும் மடங்கின, சுண்டுவிரல் மட்டும் கோணிக்கொண்டு நீட்டி நின்றது. எங்கள் நாட்டில் அந்த விரலைப் பற்றித் தெரியாதவர் யாரும் இல்லை. அதைப் பற்றிப் பேசியவரும் யாரும் இல்லை.

"ராணிக்கும் ராசாவுக்கும் மாத்துக் கேட்டானே, இந்த வெரலுக்கு மாத்து என்னன்னு சொல்லச் சொல்லுங்க."

காளியண்ணன் கவுண்டரைப் பார்த்தான். கவுண்டர் தராசைப் பார்த்தார். கூட்டத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, நாலு வருசத்துக்கு முன்னால் திறக்காத அதே வாய்கள்.

"விலை சொல்ல ஆளில்லைன்னா நானே வெச்சுக்கறேன். எச்சாக் கேட்டியே பத்து, அதே பத்து."

அவன் முன்னால் குவிந்திருந்த காசிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, என் மடியில் போட்டேன். அவன் கை ஒருதரம் நகர்ந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. பத்தாவதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்துக் கேட்டேன்.

"மறுநிறை வேணுமா உனக்கு?"

அவன் கேட்கவில்லை.